எரிவாயுக்குப் பின்: வீட்டை அளக்காமல் விற்கப்படும் வெப்பப் பம்பிகள்

உக்ரேன் மீது ரஷ்யா படையெடுப்பதற்கு முந்திய ஆண்டான 2021இல், ஜேர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கு மேற்பட்ட பங்கு ரஷ்யாவிலிருந்தே வந்தது. 2022ஆம் ஆண்டின் கோடை முடிந்தபோது பால்டிக் கடலடிக் குழாய்வழி வந்துகொண்டிருந்த வாயு முற்றாக நின்றுபோயிற்று. இந்நாட்டு வீடுகளில் ஏறத்தாழ அரைவாசி எரிவாயுவால் சூடாக்கப்படுபவை. ஆகவே, தொலைவில் நடக்கும் ஒரு போரின் விலையை ஒவ்வொரு குடும்பமும் தனது வரவேற்பறையில் இருந்தபடியே செலுத்த நேர்ந்தது. போரின் விலை எத்தகையது என்பதை எமது மக்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால், அது எரிவாயுக் கட்டணப் பட்டியலாக வீடு தேடி வந்தது அதுவே முதல் தடவை.

இதன் பின்னணியிலேயே 2023இல் அன்றைய முக்கட்சிக் கூட்டரசாங்கம் கட்டட எரிசக்திச் சட்டத்தைத் திருத்த முற்பட்டது. புதிதாகப் பொருத்தப்படும் சூடாக்கும் சாதனம் குறைந்தது 65 வீதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் இயங்கவேண்டும் என்பது அதன் மையக் கருத்து. பத்திரிகைகளும் எதிர்க்கட்சிகளும் எழுப்பிய புயலை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சட்டமூலத்தைப் படிக்க உறுப்பினர்களுக்குப் போதிய அவகாசம் தரப்படவில்லை என்ற முறைப்பாட்டின் பேரில், அரசியலமைப்பு நீதிமன்று 2023 ஜூலை 5ஆம் நாள் வாக்கெடுப்பையே தடுத்து நிறுத்தியது. செப்டெம்பர் 8ஆம் நாள் நிறைவேறிய சட்டம் 2024 ஜனவரி முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2025 மே மாதம் பதவியேற்ற அடுத்த கூட்டரசாங்கமோ இச் சட்டத்தை நீக்குவோம் என்று தனது உடன்படிக்கையிலேயே எழுதிக்கொண்டது.

அரசியலின் இந்த ஏற்றத்தாழ்வு சந்தையிலும் அப்படியே பிரதிபலித்தது. 2023இல் ஏறத்தாழ 3,56,000 வெப்பப் பம்பிகள் விற்பனையாகின. 2024இல் அத்தொகை ஏறத்தாழ 1,93,000 ஆக வீழ்ந்தது. 2025இன் முதல் அரையாண்டிலோ அவை எரிவாயுக் கொதிகலன்களின் விற்பனையை முதன்முறையாக விஞ்சின. அச்சத்தினால் வாங்கியோரும் உளர், அச்சத்தினால் வாங்காது விட்டோரும் உளர். இத்தனை ஆரவாரத்திலும் வெப்பப் பம்பி வேண்டுமா வேண்டாமா என்பதே வாதமாக இருந்தது. ஒரு குறிப்பிட்ட வீட்டுக்கு எத்தனை கிலோவாற்று வலுவுள்ள பம்பி வேண்டும் என்ற கேள்வியைப் பாராளுமன்றத்திலும் எவரும் எழுப்பவில்லை, தொலைக்காட்சியிலும் எவரும் எழுப்பவில்லை. கடன்பட்டு வீடு வாங்கிய ஒரு குடும்பத்தின் அடுத்த இருபது ஆண்டுச் செலவைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

எமக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பத்தின் கதையை இங்கு குறிப்பிடுவது பொருத்தமாகும். ரூர் பிரதேசத்தில், 1960களில் கட்டப்பட்ட தொடர்வீடொன்றை அவர்கள் வாங்கியிருக்கிறார்கள். பரப்பளவு 120 சதுர மீற்றர். கணவன், மனைவி, இரு பிள்ளைகள், கணவனின் தாயார் என ஐவர். பழைய எரிவாயுக் கொதிகலன் இருபத்தைந்து ஆண்டு கடந்தது. ஒரு நிறுவனத்திலிருந்து வந்தவர் நிலக்கீழ் அறைக்குச் சென்று, கொதிகலனில் ஒட்டியிருந்த தகட்டில் 24 கிலோவாற்று என்றிருப்பதைப் பார்த்து, மாடிக்கு ஏறாமலே திரும்பிச் சென்றார். மொத்தம் இருபது நிமிடம். அடுத்த வாரம் 14 கிலோவாற்றுப் பம்பிக்கு 38,000 யூரோ எனக் கடிதம் வந்தது. ஜேர்மன் கடிதங்களை வாசித்துப் பொருள் கூறுவது எமது தொழிலின் எழுதப்படாத பகுதியாகிவிட்டபடியால் அக்கடிதம் எமது கைக்கு வந்து சேர்ந்தது.

முதலில் அந்த 24 என்ற இலக்கத்தைக் கவனிப்போம். இத்தகைய கொதிகலன்கள் வீட்டைச் சூடாக்குவதோடு, குளிக்கும் நீரையும் குழாயில் ஓடும்போதே சூடாக்குபவை. நிமிடத்துக்குப் பத்து லீற்றர் நீரின் வெப்பநிலையை 35 பாகை உயர்த்துவதற்கு ஏறத்தாழ 24 கிலோவாற்று தேவை. பாடசாலைப் பௌதிகம் படித்த எவரும் இதனைக் கணித்துப் பார்க்கலாம். அதாவது, தகட்டில் இருந்தது குளியலறையின் அளவு. வீட்டின் அளவு அன்று. வெப்பப் பம்பியோ நீரை ஒரு தாங்கியில் ஆறுதலாகச் சூடாக்கி வைத்துக்கொள்வது. அதற்கு இந்த அவசர வலு வேண்டியதில்லை.

வெப்பப் பம்பி என்பது குளிர்சாதனப் பெட்டியின் மறுபுறம். குளிர்சாதனப் பெட்டி தன்னுள்ளிருக்கும் வெப்பத்தை எடுத்துப் பின்புறமாக வெளியேற்றுகிறது. பம்பி வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டினுள் சேர்க்கிறது. ஓர் அலகு மின்சாரத்தைச் செலவிட்டு மூன்று, நான்கு அலகு வெப்பத்தைப் பெறுவதே இதன் சிறப்பு. ஆண்டு முழுவதற்குமாக இந்த விகிதத்தைக் கணித்து ஆண்டுச் செயற்றிறன் எண் என்கிறார்கள்.

வீட்டுக்கு வேண்டிய வலுவைத் தீர்மானிப்பது அந்த வீடு இழக்கும் வெப்பமே. கடுங்குளிர் நாளொன்றில் சுவர், கூரை, யன்னல், நிலம், காற்றோட்டம் ஆகியவற்றினூடாக மணிக்கு எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறதோ அவ்வளவை உள்ளே சேர்த்தால் போதும். ஜேர்மன் மொழியில் இதனை 'ஹைஸ்லாஸ்ற்' என்பர். வெப்பச் சுமை என நாம் சொல்லலாம். டின் ஈஎன் 12831 என்ற நியமத்தின்படி அறை அறையாக இதனைக் கணிப்பார்கள். ஆனால், கணிப்பாளர் வருமுன்னரே அண்ணளவான விடையைப் பெற ஒரு வழியுண்டு. அது எரிவாயுக் கட்டணப் பட்டியலில் இருக்கிறது.

இக்குடும்பத்தின் கடந்த மூன்றாண்டுச் சராசரி நுகர்வு ஆண்டுக்கு 22,000 கிலோவாற்று மணி. பழைய கொதிகலன் அதில் 85 வீதத்தைப் பயன்தரும் வெப்பமாக மாற்றியது எனக் கொண்டால் 18,700. ஐவரின் குளிப்பு, கழுவலுக்கு ஏறத்தாழ 3,500 கழிந்தால் எஞ்சுவது 15,200. இப் பிரதேசத்து வீடொன்றின் சூடாக்கும் சாதனம் முழு வலுவில் இயங்குவதற்குச் சமமான நேரம் ஆண்டுக்குச் சுமார் 2,000 மணி. வகுத்துப் பார்த்தால் 7.6 கிலோவாற்று. சுடுநீருக்காக ஆளுக்கு 0.2 வீதம் சேர்த்தாலும் ஒன்பதைத் தாண்டவில்லை. சுவிற்சர்லாந்தில் எண்ணெய்க் கொதிகலன் உள்ள வீடுகளுக்கு இதைவிடச் சுருக்கமான சூத்திரம் ஒன்று வழக்கிலுண்டு. தாழ்நிலப் பகுதிகளில், சுடுநீரும் அதே கொதிகலனிலிருந்து வருவதாயின், ஆண்டுக்கு எரிக்கும் எண்ணெயின் லீற்றரை 300ஆல் வகுத்தால் கிலோவாற்று கிடைக்கும். 2,400 லீற்றர் எரிக்கும் வீட்டுக்கு எட்டு. அங்குள்ள எமது வாசகர்கள் தமது பட்டியலை எடுத்து இப்போதே பார்க்கலாம்.

அப்படியாயின் 14 கிலோவாற்று எதற்கு? "பெரிசாய் இருந்தால் நல்லதுதானே அண்ணை, சின்னனைப் போட்டு வீடு குளிர்ந்தால் மாமியை என்ன செய்யிறது?" என்று அந்த வீட்டுப் பெண் எம்மிடம் கேட்டார். இக் கேள்வியை நாம் இலேசாகக் கருதவில்லை. அகதி முகாமொன்றின் கொள்கலன் அறையில், போர்வைக்கு மேல் குளிரங்கியையும் போட்டுக்கொண்டு முதலாவது மாரியைக் கழித்தவர்களுள் நாமும் ஒருவர். குளிருக்கு அஞ்சியவன் எரிபொருளில் கணக்குப் பார்ப்பதில்லை. விற்பனையாளருக்கும் இந்த அச்சம் நன்கு தெரியும்.

ஆனால், வெப்பப் பம்பி விடயத்தில் பெரியது நல்லதன்று. சைபருக்குக் கீழ் பத்துப் பாகையில் 7.6 கிலோவாற்று வேண்டும் வீட்டுக்கு, வெளியே எட்டுப் பாகை இருக்கும் நாளில் மூன்று கிலோவாற்றே போதும். ரூர் பிரதேசத்தின் மாரிகாலத்தில் பெரும்பாலான நாட்கள் இத்தகையவை. சைபருக்குக் கீழ் பத்து என்பது விரல்விட்டு எண்ணத்தக்க இரவுகள். இன்றைய பம்பிகள் தமது வலுவைத் தாமே குறைத்துக்கொள்ளக் கூடியனவாயினும் அதற்கும் ஓர் எல்லையுண்டு. பெரும் பம்பி ஐந்து கிலோவாற்றுக்குக் கீழே இறங்க முடியாதென்றால், மூன்று கேட்கும் வீட்டில் அது என்ன செய்யும்? சிறிது நேரம் ஓடி நிற்கும், மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு தொடக்கத்திலும் செயற்றிறன் கெடுகிறது. அதன் இதயமான கொம்பிறசரும் தேய்கிறது. பஸ் வண்டியை வைத்துக்கொண்டு கடைக்கும் வீட்டுக்குமாக ஓடுவதைப் போன்றது இது.

பிறைபுர்க் நகரிலுள்ள பிரௌன்ஹோபர் சூரியசக்தி ஆய்வு நிறுவனம் பழைய வீடுகளில் பொருத்தப்பட்ட 77 பம்பிகளை அளந்து 2025இல் முடிவுகளை வெளியிட்டது. வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பம்பிகளின் சராசரி ஆண்டுச் செயற்றிறன் எண் 3.4. அவற்றுள் மிகக் கீழானது 2.6. வீட்டின் வயதுக்கும் செயற்றிறனுக்கும் தொடர்பு காணப்படவில்லை என்பது அந்த ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு. இந்த வேறுபாட்டுக்கு அளவுப் பிழை மட்டுமே காரணம் என்று நாம் கூறவரவில்லை. நீரின் வெப்பநிலையும், பொருத்தியவரின் கவனமும் சேர்ந்தே அதனைத் தீர்மானிக்கின்றன. எனினும், பணத்தில் அது எவ்வளவு என்பதைப் பார்ப்போம். இக்குடும்பத்துக்கு வேண்டிய 18,700 கிலோவாற்று மணி வெப்பத்துக்கு, 3.4 எனின் 5,500 அலகு மின்சாரமும், 2.6 எனின் 7,200 அலகு மின்சாரமும் செலவாகும். அலகுக்கு 30 சதம் என்று கொண்டால் வேறுபாடு ஆண்டுக்கு ஏறத்தாழ 500 யூரோ.

பெரியதன் தீமையைச் சொன்னதும், மிகச் சிறியதை வாங்கிக்கொண்டு எம்மைத் திட்டும் வாசகரும் இருக்கலாம். ஆகவே மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். பம்பியின் பெயரில் வரும் இலக்கம் பல வேளைகளில் வெளியே ஏழு பாகையோ இரண்டு பாகையோ இருக்கும்போது தரும் வலுவைக் குறிப்பது. குளிர் கூடக்கூட அந்த வலு குறையும். எட்டு என்று எழுதப்பட்ட பம்பி கடுங்குளிரில் ஐந்தரையே தருவதும் உண்டு. அப்போது எஞ்சியதை உள்ளிருக்கும் மின் சூடாக்கும் கோல் நிரப்பும். அங்கே ஓர் அலகு மின்சாரத்துக்கு ஓர் அலகு வெப்பமே கிடைக்கும். ஆண்டில் சில இரவுகள் அக்கோல் துணைக்கு வருவது தவறன்று, திட்டமிட்டே அவ்வாறு அமைப்பார்கள். மாரி முழுவதும் அது எரிந்தால் பட்டியல் வீட்டையே விழுங்கும். எனவே விளம்பரத் தாளைப் பார்க்காமல் தொழினுட்பத் தாளில் 'சைபருக்குக் கீழ் 7 பாகை, நீர் 55 பாகை' என்ற நிலைக்கு எதிரே உள்ள இலக்கத்தைக் கேட்டறியவேண்டும்.

நீர் 55 பாகை என்றோம். றேடியேற்றருக்குச் செல்லும் நீரின் வெப்பநிலையே அது. எவ்வளவு தாழ்ந்த வெப்பநிலையில் வீடு சூடாகிறதோ அவ்வளவுக்கு மின்சாரம் மிச்சமாகும். பாகைக்கு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வீதம் எனக் கணக்கிடுவர். பம்பி வாங்க எண்ணுவோர் இவ்வாண்டு மாரியிலேயே செலவில்லாத ஒரு பரிசோதனையைச் செய்யலாம். கடுங்குளிர் நாளொன்றில் பழைய கொதிகலனின் நீர் வெப்பநிலையை 55 பாகைக்கு இறக்கி, றேடியேற்றர்களை முற்றாகத் திறந்துவிட்டு, ஒரு நாள் முழுவதும் பொறுத்திருந்து பார்க்கவேண்டும். எல்லா அறைகளும் சூடாக இருந்தால் வீடு பம்பிக்கு ஆயத்தமானது. ஓர் அறை மட்டும் குளிர்ந்தால் அந்த அறையின் றேடியேற்றரை மாற்றினால் போதும். அதற்காகப் பம்பியைப் பெரிதாக்குவது, ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து இறுக்கம் என்று வீட்டிலுள்ள எல்லோருக்கும் பெரிய சப்பாத்து வாங்குவதற்கு ஒப்பானது.

எமது வீடுகளுக்கென்றே உரிய ஒரு விடயமும் உண்டு. கணிப்பாளர் வசிக்கும் அறைகளுக்கு 20 பாகை என்று எழுதிக்கொள்வார். எமது வீட்டு முதியோருக்கு 20 பாகை என்பது மாரிகாலமே. 23 பாகை வேண்டுமென்றால் அதனை முற்கூட்டியே கூறவேண்டும். முழு வீட்டுக்கும் மூன்று பாகை கூட்டினால் வெப்பச் சுமை பத்து வீதம் ஏறும். ஓர் அறைக்கு மட்டும் என்றால் அந்த அறைக்குப் பெரிய றேடியேற்றர் போதும். அடுப்படியில் மீன் பொரிக்கும்போது யன்னலைத் திறந்துவைப்பது எந்த நியமத்திலும் இல்லை. அதனைக் கணிப்பாளரிடம் சொல்வதா விடுவதா என்பதை வாசகர்களின் விருப்பத்துக்கு விடுகிறோம்.

இவ்வளவு தெளிவான விடயத்தில் பிழை ஏன் தொடர்கிறது? பிழையின் விலை இரு பக்கமும் ஒரேமாதிரி இல்லாமையே காரணம் என நாம் கருதுகிறோம். வீடு குளிர்ந்தால் அடுத்த நாளே நிறுவனத்துக்குத் தொலைபேசி அழைப்பு வரும். மின்கட்டணம் ஐந்நூறு யூரோ கூடினால் எவரும் அழைப்பதில்லை; மின்சாரம் விலையேறிவிட்டது என்று எல்லோரும் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு கட்டிவிடுவார்கள். எனவே பெரிதாகப் பொருத்துவது நிறுவனத்துக்குப் பாதுகாப்பு, அந்தப் பாதுகாப்பின் செலவு குடும்பத்தின் தலையில். மானியமும் இதனைத் திருத்துவதில்லை. 2024இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி கா.எவ்.வே. எனும் அரச அபிவிருத்தி வங்கி 30 வீதம் அடிப்படை மானியமும், தான் வாழும் வீட்டின் பழைய சாதனத்தை மாற்றுபவருக்கு 20 வீதமும், வரிக்குரிய ஆண்டு வருமானம் 40,000 யூரோவைத் தாண்டாத குடும்பத்துக்கு மேலும் 30 வீதமும் வழங்கியது. எல்லாம் சேர்ந்து 70 வீதத்தைத் தாண்டலாகாது. ஒரு வீட்டுக்கு 30,000 யூரோ வரையான செலவே கணக்கில் எடுக்கப்படும். மானியம் செலவின் வீதமாக இருப்பதால், 30,000ஐத் தொடும்வரை பெரிய பம்பிக்குப் பெரிய மானியம். அதற்கு மேற்பட்டது முழுவதும் சொந்தப் பணம். விதிகள் அடிக்கடி மாறுவன. ஒப்பமிடும் நாளில் நடைமுறையிலுள்ளதைக் கேட்டறிவது அவசியம். மானியம் கிடைத்தாலன்றி ஒப்பந்தம் செல்லாது என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

விசித்திரம் என்னவெனில், அறை அறையான கணிப்பை அந்த மானிய விதிகளே கோருகின்றன. றேடியேற்றர்களுக்கு நீரைச் சமன்செய்து பகிரும் வேலைக்கு 'முறை பி' என்ற நடைமுறை நிபந்தனையாக உள்ளது. அது வெப்பச் சுமைக் கணிப்பின் மீதே நிற்பது. ஆனால், நாம் பார்த்த கடிதங்களில் அந்தக் கணிப்பு ஒப்பந்தம் முடிந்தபின், கோவையை நிரப்புவதற்காகச் செய்யப்படுவதாக இருந்தது. அளவெடுக்கமுன் தைத்த சட்டைக்கு அப்புறம் அளவு எழுதுவதுபோல. 'ஹைஸ்லாஸ்ற்பெறெக்னுங்' என்ற ஒரு சொல்லை வாசகர்கள் மனனம் செய்துகொள்ளலாம். ஒப்பமிடுமுன் அதனை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் விலை பேசவேண்டியதில்லை.

வாடகை வீட்டில் இருப்போரும், முகாம்களில் முடிவுக்காகக் காத்திருப்போரும் இவற்றில் எதனையும் தெரிவுசெய்ய முடியாதவர்கள் என்பதை நாம் அறிவோம். வீட்டுச் சொந்தக்காரர் பொருத்தும் பம்பியின் அளவை அவர்கள் தீர்மானிப்பதில்லை, அதன் மின்கட்டணத்தைக் கட்டுபவர்கள் மட்டுமே. 2024இல் சேர்க்கப்பட்ட விதியொன்று, புதிய சூடாக்கும் சாதனத்துக்காக மாத வாடகையைச் சதுர மீற்றருக்கு 50 சதத்துக்கு மேல் உயர்த்த முடியாதென வரையறுத்தது. 60 சதுர மீற்றர் வீட்டுக்கு அது 30 யூரோ. பெரிதாகப் பொருத்திய பம்பி வீணாக்கும் மின்சாரத்துக்கோ வரையறை எதுவும் இல்லை. எரிவாயுவில் தொடர்ந்து இருப்போருக்கு இன்னொன்று: 2023 முதல் கரிவாயு வரியை வீட்டுச் சொந்தக்காரரும் பகிர்ந்து செலுத்தவேண்டும். வெப்பக்காப்பு மிக மோசமான வீடுகளில் அவரது பங்கு 95 வீதம் வரை செல்லும். இந்தக் கழிவு தமது ஆண்டுக் கணக்கில் இடம்பெற்றிருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்தார்கள்?

நாம் முதலிற் கூறிய குடும்பம் இரண்டாவது நிறுவனம் ஒன்றை அழைத்தது. வந்த பொறியியலாளர் மூன்று மணிநேரம் ஒவ்வொரு அறையாக அளந்தார். மூதாட்டியின் அறைக்கு 23 பாகை என்று கேட்டு எழுதிக்கொண்டார். எட்டுக் கிலோவாற்றுப் பம்பி, மூன்று றேடியேற்றர்களை மாற்றும் வேலையுடன் 31,000 யூரோ. 50 வீத மானியமாக 15,000 கழிய 16,000 கைப்பணம். முதலாவது கடிதத்தின்படி என்றால் 23,000. ஒப்பமிடும் நாள்வரை அப்பெண் இரண்டு கடிதங்களையும் மேசையில் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கடந்த மாரியில் சைபருக்குக் கீழ் ஏழு பாகையாக இருந்த ஒரு காலையில் நாம் அங்கு சென்றிருந்தோம். மாமியார் மேலங்கி இன்றி அமர்ந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார்.

அதே வரிசையில், அதே ஆண்டு, அதே செங்கல்லில் கட்டப்பட்ட பக்கத்து வீட்டில் 14 கிலோவாற்றுப் பம்பி பொருத்தப்பட்டிருக்கிறது. தேநீர் அருந்தி முடிப்பதற்குள் அது மூன்று தடவை நின்று தொடங்கியதை நாம் வேலிக்கு இப்பால் இருந்து கேட்டோம். அவ்வீட்டுக்காரர் தனது முதலாண்டு மின்கட்டணப் பட்டியலை இக்குடும்பத்திடம் கொடுத்து, இதில் பிழை ஏதும் உண்டா என்று பார்த்துத் தரக் கேட்டிருக்கிறார். பட்டியலில் பிழை இல்லை.